கேட்டு வந்தவையும் கூட வந்தவையும்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக் கணினியை மறுபடி இயக்கினால், அது கருந்திரையில் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டுவிட்டு, ஒரு கட்டளைக் குறியை மட்டும் காட்டிக் காத்திருக்கும். உலாவி கிடையாது, சாளரங்கள் கிடையாது, தமிழ் எழுத்தைக் காட்ட ஓர் எழுத்துரு கூடக் கிடையாது. பள்ளத்தூரில் எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டில், ஐயா காலத்துக் கணக்குப் பேரேடுகளைப் படமெடுத்துச் சேமிப்பதற்காக நான் வைத்திருக்கும் பழைய கணினியும் முதல் நாள் இப்படித்தான் இருந்தது. இன்று அதே கணினி ஸ்கேனரை இயக்குகிறது, அச்சிட்ட தமிழை வாசிக்கிறது, காரைக்குடியிலும் சென்னையிலும் இருக்கும் பங்காளிகள் பார்ப்பதற்குப் படங்களை எடுத்துக் கொடுக்கிறது. இவை அத்தனையும் நானாகத் தேர்ந்து சேர்த்த கூடுதல் பொதிகளால், அதாவது நிறுவுவதற்கு ஏற்றபடி கட்டிவைத்த மென்பொருள்களால், வந்தவை. அந்தப் பொதிகளை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. சேர்த்தவற்றை எப்படிக் கணக்கில் வைத்துக்கொள்வது என்பதைத் தமிழில் ஒருமுறை நிதானமாக எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

முதலில் அடித்தளத்துக்கும் பொதிகளுக்கும் உள்ள வேறுபாடு. இயங்குதளத்தின் மையமான கெர்னல், கட்டளைகளை ஏற்கும் ஷெல், மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் சி கம்பைலர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, விஐ தொகுப்பான் ஆகியவை அடித்தள அமைப்பைச் சேர்ந்தவை. ஒரே திட்டத்தார் ஒரே மூலநிரல் மரத்தில் வைத்துப் பராமரித்து, ஒன்றாகச் சோதித்து, ஒன்றாக வெளியிடுபவை. பயர்பாக்ஸ், பைத்தான், போஸ்ட்கிரெஸ், பேஷ் ஷெல் போன்றவை வெளியார் எழுதியவை. அவற்றை வேண்டுபவர் மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்ப்பவை பெரும்பாலும் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ என்ற ஒரே அடைவுக்குள் போய்த் தங்கும். நிரல்கள் மட்டுமல்லாமல் அவற்றின் அமைவுக் கோப்புகளும், கணினி தொடங்கும்போது அவற்றை எழுப்பிவிடும் சிறு நிரல்களும் அதற்குள்ளேயே இருக்கும். எங்கள் பக்கத்தில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைப்பது’ என்று ஒரு வழக்கம் உண்டு. வீடும் வளவும் பொதுவாகவே இருக்க, புதுத் தம்பதிக்கு மட்டும் தனி அடுப்பு, தனிச் சாமான், தனிக் கணக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். இந்த அடைவு அமைப்பை அப்பத்தாவுக்கு விளக்க வேண்டி வந்தபோது இந்த ஒரு சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பொதிகளை நிறுவும் ‘பிகேஜி’ என்ற கருவியும் அடித்தளத்தில் முழுமையாக இல்லை என்பது பலர் கவனிக்காத செய்தி. அடித்தளத்தில் இருப்பது அதே பெயர் கொண்ட ஒரு சிறு தொடக்க நிரல்தான். முதன்முறை அதை அழைக்கும்போது, உண்மையான பிகேஜியை, இணையத்தில் பொதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியத்திலிருந்து கொண்டுவரலாமா என்று கேட்டு, இசைந்தால் அதைக் கொண்டுவந்து ‘லோக்கல்’ அடைவுக்குள் வைக்கிறது. பொதிகளை நிர்வகிக்கும் கருவியே ஒரு பொதியாக இருப்பதால், அடித்தளத்தின் அடுத்த வெளியீட்டுக்குக் காத்திராமல் அதைப் புதுப்பிக்க முடிகிறது. பழைய கருவிகளின் இடத்தில் இது இயல்பான கருவியாக வந்தது 2014 ஜனவரியில் வெளியான 10.0 பதிப்பில். இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் பைண்ட் என்ற நிரல் அடித்தளத்திலிருந்து வெளியேறிப் பொதியானதும் அதே பதிப்பில்தான்; அதற்கும் முன்னால், 2003-இல் வந்த 5.0 பதிப்பில் பேர்ல் மொழி அப்படி வெளியேறியிருந்தது. வெளியார் நிரல்கள் தங்களுக்கென்று ஒரு வேகத்தில் மாறுகின்றன, அடித்தளத்தின் ஒரு கிளையோ பல ஆண்டுகள் மாறாமல் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டாமல் விட்டது சரியான முடிவு என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். அண்மைப் பதிப்பில் அடித்தளத்தையே பொதிகளாகப் பிரித்து நிறுவும் வழியும் வந்திருக்கிறது; அதனால் ‘லோக்கல்’ என்ற எல்லைக்கோடு அழியவில்லை என்பது எனக்கு நிம்மதி.

பொதிகள் பிறக்கும் இடம் ‘போர்ட்ஸ்’ என்ற தொகுப்பு. 1994-இல் ஜோர்டான் ஹப்பர்ட் தொடங்கிய இதில் இன்று 30,000-க்கும் மேற்பட்ட மென்பொருள்களுக்கான செய்முறைகள் இருக்கின்றன. மென்பொருளே அங்கே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு நான் முதலில் ஓர் அடைவைத் திறந்து பார்த்தபோது, நான்கைந்து சிறு கோப்புகள்தான் கண்ணில் பட்டன. மூலநிரலை எங்கிருந்து எடுப்பது, எதையெதைச் சார்ந்தது, எப்படி இயங்கும் நிரலாகக் கட்டுவது என்பதை ‘மேக்ஃபைல்’ சொல்கிறது. ‘டிஸ்ட்இன்ஃபோ’ என்ற கோப்பு, எடுத்து வரவேண்டிய பெட்டகத்தின் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணையும் பைட்டுக் கணக்கில் அதன் அளவையும் சொல்கிறது. வழியில் ஒரு பைட்டு மாறியிருந்தாலும் வேலை அங்கேயே நின்றுவிடும். ‘பிலிஸ்ட்’ என்பது நிறுவிய பிறகு எந்தெந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்ற பட்டியல். கல்யாண வீட்டில் சீர்ச் சாமான் வந்து இறங்கும்போது ஒருவர் சிட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாரே, அந்தச் சிட்டையின் வேலையை இது செய்கிறது. பொதியை நீக்கச் சொன்னால் இந்தச் சிட்டையில் உள்ளவற்றை எடுத்துவிட்டு, நாம் கைவைத்துத் திருத்திய அமைவுக் கோப்புகளைத் தொடாமல் விட்டுவைக்கிறது. மேக்ஃபைலில் இன்னொரு வரியையும் நான் எப்போதும் பார்ப்பேன்: பராமரிப்பாளர் யார் என்ற வரி. அந்த இடத்தில் ஒருவருடைய முகவரிக்குப் பதிலாகப் போர்ட்ஸின் பொது அஞ்சல் குழுவின் முகவரி இருந்தால், அந்தப் பொதியைத் தனிப்பொறுப்பில் கவனிப்பதற்கு இப்போது ஆள் இல்லை என்று பொருள். அப்படிப்பட்ட பொதியை நம்பி நெடுநாள் வேலை எதையும் நான் தொடங்குவதில்லை.

செய்முறையை வைத்து நாமே கட்டிக்கொள்ளவும் செய்யலாம். அப்போது ஒரு நீலத்திரை வந்து, ஆவணங்கள் வேண்டுமா, பிறமொழி இடைமுகங்கள் வேண்டுமா, இந்த நூலகத்துடன் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைநிரல் தொகுப்புடன்) இணைக்கவா, அந்த நூலகத்துடன் இணைக்கவா என்று விருப்பங்களைக் கேட்கும். இதில் கிடைக்கும் சுதந்திரம் பெரியது. ஆனால் எங்கள் ஊரில் மதியம் போன மின்சாரம் எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை, என் கணினியும் பழையது. ரஸ்ட் கம்பைலர், எல்எல்விஎம் போன்ற பெரிய நிரல்களை அதில் கட்டத் தொடங்கினால் விடிய விடிய ஓடும், நடுவில் மின்சாரம் போனால் பெரும்பகுதி வீண். ஆகவே, திட்டத்தார் இயல்பான விருப்பங்களை வைத்துத் தங்கள் சர்வர்களில் ‘புட்ரியேர்’ என்ற கருவியால் கட்டி வைத்திருக்கும் ஆயத்தப் பொதிகளையே நான் எடுத்துக்கொள்கிறேன். பாதியை ஆயத்தமாக எடுத்து மீதியைக் கையால் கட்டுவது, இரண்டின் காலக்கணக்கும் ஒத்துப்போகாவிட்டால், நூலகங்களின் பதிப்பு முரணில் கொண்டுபோய் விடும். ஃப்ரீபிஎஸ்டிக்கு உறவான நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் ‘பிகேஜிசோர்ஸ்’ 1997-இல் இந்தப் போர்ட்ஸிலிருந்து கிளைத்ததுதான். அது லினக்ஸிலும் மேக்கிலும் கூட இயங்கும். இன்னோர் உறவான ஓபன்பிஎஸ்டிக்கும் தனிப் போர்ட்ஸ் இருக்கிறது. நீங்களே கட்டாதீர்கள், ஆயத்தப் பொதியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள்.

என் கணினிக்கு நான் பெயர் சொல்லிக் கேட்ட பொதிகள் இருபதுக்கும் குறைவு. அவற்றுக்குத் துணையாக வந்து அமர்ந்தவை இருநூறுக்கும் மேல். ஸ்கேனர் நிரல் ஒன்றைக் கேட்டால் படக் கோப்பு வகைகளுக்கான நூலகங்களும், யூஎஸ்பி தொடர்பான நூலகமும், அவற்றுக்கு வேண்டிய வேறு சிலவும் கூடவே வரும். இதில் தவறொன்றும் இல்லை. விருந்துக்கு ஒருவரை அழைத்தால் அவர் வீட்டாரும் வருவது முறைதானே. ஆனால் யாரை அழைத்தோம், யார் கூட வந்தார்கள் என்ற கணக்கு நம்மிடம் இருக்க வேண்டும். பிகேஜி அந்தக் கணக்கைத் தானே எழுதி வைக்கிறது. ஒவ்வொரு பொதிக்கும், அது கேட்டு வந்ததா, தானாக வந்ததா என்று சொல்லும் ஓர் அடையாளம் அதன் தரவுத்தளத்தில் உண்டு. கேட்டதை நீக்கிய பிறகு ‘ஆட்டோரிமூவ்’ கட்டளையைக் கொடுத்தால், இனி யாருக்கும் தேவைப்படாத துணைப் பொதிகளை அது எடுத்துவிடுகிறது. ஏதோ ஒரு கோப்பைப் பார்த்து இது எங்கிருந்து வந்தது என்று ஐயம் எழுந்தால், ‘பிகேஜி விச்’ என்று கேட்டு அந்தக் கோப்பின் பாதையைத் தந்தால் உரிய பொதியின் பெயரைச் சொல்லிவிடும். எங்கள் சாமான் அறையில் இருக்கும் பித்தளை அண்டாக்களின் விளிம்பில் பெயரின் முதலெழுத்துகளை வெட்டியிருப்பார்கள். அவற்றைப் பார்த்தே இது ஆயாவோடு வந்தது, இது பெரியத்தாவோடு வந்தது என்று அப்பத்தா இன்றைக்கும் தவறாமல் சொல்வார். பொதிகளோடு வந்த ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு பெயர்வெட்டு இருப்பதைக் கண்டபோதுதான் எனக்கு இந்த அமைப்பின் மேல் மதிப்பு வந்தது.

அந்தக் கணக்கு இருந்தும் நான் ஒருமுறை அதைப் படிக்கத் தவறினேன். மூன்றாண்டுக்கு முன், வீட்டில் பாதிப் பேர் தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போயிருந்த வாரத்தில், பொதிகளைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். நீளமான பட்டியல் ஒன்று திரையில் ஓடியது. அதன் முடிவில் தொடரலாமா என்று கேட்டது. ஆம் என்று தட்டிவிட்டேன். அந்தப் பட்டியலின் மேற்பகுதியில் ‘நீக்கப்படவிருப்பவை’ என்று ஒரு சிறு பகுதி இருந்தது. அதில் என் ஸ்கேனர் நிரலின் பெயரும் இருந்திருக்கிறது. ஏதோ ஒரு நூலகம் பதிப்பு மாறியதால் அந்த வாரம் அந்த நிரல் கட்டப்படாமல் களஞ்சியத்தில் இல்லாமற்போயிருந்தது. புதிய நூலகத்தோடு பழைய நிரல் சேர்ந்து நிற்க முடியாது என்பதால் பிகேஜி அதை எடுத்துவிட முன்மொழிந்தது, நான் இசைந்துவிட்டேன். மறுநாள் பினாங்கிலிருந்து பெரியப்பா மகன் வந்தான். தன் பாட்டனாரின் கையெழுத்தில் இருக்கும் பக்கங்களை நல்ல தெளிவில் எடுத்துப் போவதற்காகவே மூன்று நாள் ஒதுக்கி வந்திருந்தான். மூன்று நாளும் நிரல் திரும்பி வரவில்லை. கைப்பேசியில் எடுத்த மங்கலான படங்களோடுதான் அவன் போனான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதன் பிறகு நான் செய்துகொண்ட மாற்றங்கள் சில. களஞ்சியத்தில், புதிய பதிப்புகள் உடனுக்குடன் வரும் ‘லேட்டஸ்ட்’ கிளையை விட்டுக் காலாண்டுக் கிளைக்கு மாறினேன். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பிரிக்கப்படும் அந்தக் கிளையில் இடைக்காலத்தில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத்திருத்தங்களும்தான் வரும். புதுப்பிக்கும் முன் ‘என்’ (-n) என்ற விருப்பத்தைச் சேர்த்து ஒத்திகை மட்டும் பார்க்கிறேன். நீக்கப்படுபவை என்ற பகுதியை வாய்விட்டுப் படிக்கிறேன். 12.0 பதிப்பிலிருந்து அடித்தளத்திலேயே கிடைக்கும் ‘பிஇசிடிஎல்’ கருவியைக் கொண்டு அன்றைய நிலையை ஒரு தொடக்கச் சூழலாகப் பதிந்துவிட்டுத்தான் மேலே போகிறேன். ஏதாவது கெட்டால், மறுதொடக்கத்தில் பழைய சூழலைத் தேர்ந்தெடுத்து நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். இதற்கு வட்டில் இசட்எஃப்எஸ் இருக்க வேண்டும்; இருந்தால் சூழலைப் பதியச் சில நொடிகள்கூட ஆவதில்லை.

எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த பொதியையும் சொல்ல வேண்டும். பேரேடுகளில் தொகையெல்லாம் தமிழ் எண்களில் இருக்கும். வட்டிக் கணக்கில் கால், அரைக்கால், மா, காணி, முந்திரி என்று பின்னக் குறிகள் வரும். அந்தக் குறிகளுக்கு யூனிகோடு 2019-இல் வந்த 12.0 பதிப்பில்தான் இடம் கொடுத்தது. அந்தக் குறிகளை நான் தட்டெழுதியபோது திரையில் வெறும் கட்டங்களாகத்தான் தெரிந்தன, ஏனெனில் வழக்கமான தமிழ் எழுத்துருக்களில் அவை இல்லை. நோட்டோ குடும்பத்தில் இந்தக் குறிகளுக்கென்றே ஒரு தனி எழுத்துரு இருக்கிறது. அதைச் சேர்த்துத் திரையைப் புதுப்பித்ததும் கட்டங்கள் இருந்த இடத்தில் முந்திரிக் குறி சுழித்துக்கொண்டு வந்து நின்றது. அப்பத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “முந்திரி. முந்நூத்திருபதுல ஒண்ணு” என்று உடனே வாசித்தார்.

அச்செழுத்தை வாசிப்பதற்கு டெசராக்ட் பொதியும் அதன் தமிழ்த் தரவும் வேண்டும். பழைய கல்யாண அழைப்பிதழ்களையும் அச்சிட்ட நகரவிடுதிக் கணக்குகளையும் அது ஓரளவு நன்றாகவே வாசிக்கிறது. கையெழுத்துப் பேரேடுகளுக்கு அது பயன்படாது; அவற்றை நானும் தங்கையும் தட்டெழுதுகிறோம். அதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுப் பொதியும், தமிழ்99 விசைப்பலகையைத் தரும் எம்17என் பொதியும் போதும்.

சென்ற வாரம் காரைக்குடியிலிருந்து மாமா மகன் தன் கணினியையும் இப்படி அமைத்துத் தரும்படி கேட்டான். கேட்டு வந்தவற்றின் பட்டியலை மட்டும் பிகேஜியிடமிருந்து எடுத்து ஒரு தாளில் அச்சிட்டேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. அந்தத் தாளைப் பார்த்தபோது, இரண்டாண்டாகத் தொடாத ஓர் இசைநிரல் அதில் இருப்பது தெரிந்தது. அதை நீக்கி, ஆட்டோரிமூவ் கட்டளையைக் கொடுத்தேன். கூட வந்த பதினொரு பொதிகளும் போயின. பட்டியலை மறுபடி அச்சிட்டு, ஒரு படியை அவனுக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றைச் சாமான் சிட்டைகள் இருக்கும் அலமாரியில் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.