பாங்காக்ல எதைப் பாக்கலாம்?

இன்பாக்ஸ்ல கேக்குற எல்லாருக்கும் சேத்து இங்கேயே சொல்லிடறேன்.

அரண்மனைக்குப் போகாம இருக்க முடியாது. நுழைவுக் கட்டணம் 500 பாட், தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். வழியில ஒருத்தர் சிரிச்சுகிட்டே வந்து, “இன்னிக்கு அரண்மனை லீவு, டுக்டுக்ல வேற கோயில் காட்டறேன்”பார். நம்பாதீங்க, நேரா வாசலுக்கு நடங்க. பக்கத்துலயே வாட் போ (வாட்னா கோயில்). 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கார் புத்தர். கூட்டமெல்லாம் முகத்தைப் பாத்துட்டு நகர்ந்துடும். நீங்க பாதத்துகிட்ட நில்லுங்க, 108 மங்கலச் சின்னங்களை முத்துச்சிப்பியில இழைச்சிருக்காங்க. படகுல ஆத்தைத் தாண்டினா வாட் அருண்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ராட்சச ஊஞ்சல். இப்ப ஊஞ்சல் இல்ல, செக்கச்செவேல்னு தேக்குத் தூண்கள் மட்டும்தான். நம்ம மார்கழித் திருவெம்பாவையோட தொடர்புள்ள விழா இங்க நடந்திருக்கு. வானத்துல ஆடிகிட்டே, கம்பத்துல கட்டின காசுப் பையைப் பல்லால கவ்வணுமாம்! விபத்துகளும் நடந்திருக்கு. 1935க்கு அப்புறம் ஊஞ்சலாட்டம் நின்னுபோச்சு. கிட்டத்துலயே அரசவைப் பிராமணர்களோட கோயில் இருக்கு, அதையும் விட்டுடாதீங்க.

ஒரு நாள் மிச்சமிருந்தா ரயிலேறி அயுத்தயா போங்க. 1767ல பர்மியப் படை அழிச்ச, தாய்லாந்தோட பழைய தலைநகரம். மரவேருக்குள்ள சிக்கின புத்தர் தலை அங்கதான். போட்டோ எடுக்கணும்னா உக்காந்துதான் எடுக்கணும், அவர் தலைக்கு மேல நம்ம தலை இருக்கக் கூடாது.

மால் பத்தி என்னைக் கேக்காதீங்க, தி. நகர் கூட்டமே எனக்கு ஆகாது.