நட்டம் ஊர்க்கணக்கு, ஈரம் தனிக்கணக்கு

நவம்பர் வந்தால் எங்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உட்கார இடம் இருக்காது. சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய அந்த மாத நடுவில்தான் பெரும்பாலும் கடைசித் தேதி வரும். வெளியே வடகிழக்குப் பருவமழை, உள்ளே நிலம் யார் பெயரில் என்று காட்டும் நனைந்த சிட்டா, அதில் யார் என்ன சாகுபடி செய்கிறார் என்று காட்டும் நனைந்த அடங்கல், பாலித்தீன் பைக்குள் பத்திரமாக ஆதார் நகல். அன்றைக்குப் பார்த்து சர்வர் படுத்துக்கொள்ளும். திருவாரூர் மாவட்டத்தில் எழுத்தராக நான் வேலை பார்த்த காலம் முழுக்க, இந்த வருஷத்துப் பிரீமியத்தைக் கட்டிக்கொண்டே எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “போன வருஷத்துப் பணம் வந்துடுச்சா சார்?”

பிரீமியம் கட்டுவதில் யாருக்கும் பெரிய மனக்குறை இருந்ததாகச் சொல்ல மாட்டேன். 2016-ல் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது காரீப் என்ற மழைக்காலப் பயிருக்கு 2 விழுக்காடு, ராபி என்ற குளிர்காலப் பயிருக்கு 1.5 விழுக்காடு என்று விவசாயியின் பங்கைக் குறைவாகவே வைத்தார்கள். மீதியை மத்திய அரசும் மாநில அரசும் கட்டும். எங்கள் பக்கம் சம்பாவுக்கு ஏக்கருக்கு ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய்தான் வந்தது. 2020 காரீப்புக்கு முன்பு வரை சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கியவர்களுக்குக் காப்பீடு கட்டாயம், அதன்பிறகு விருப்பம். விருப்பம் என்று ஆன பின்பும் கட்டினார்கள். நிவர், புரெவி என்று பெயர் வைத்த புயல்களும், 2021 ஜனவரியில் கதிர் முற்றி நின்ற நேரத்தில் கொட்டிய பெயரில்லாத மழையும் அவர்களை விடாமல் கட்ட வைத்தன.

கோபம் இழப்பீட்டில்தான் தொடங்கும். காப்பீடு என்றதும் நம் மனசுக்குள் வருவது பைக் இன்சூரன்ஸ் மாதிரியான ஒன்று. வண்டி அடிபட்டால் ஆள் வந்து வண்டியைப் பார்ப்பார். நெல்லுக்கு அப்படி இல்லை. உங்கள் வயலை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. வருவாய் கிராமம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் குறைந்தது நான்கு இடங்களில் அறுவடைப் பரிசோதனை செய்வார்கள். எந்தப் புல எண்ணில் என்பதைக் குலுக்கல் முறையில் முன்பே முடிவு செய்துவிடுவார்கள். அந்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போட்டு எழுதிக்கொள்வார்கள். அதுதான் அந்த ஊருக்கே அந்த வருஷத்து விளைச்சல். இன்னொரு பக்கம், கடந்த ஏழு வருஷத்தில் நன்றாக விளைந்த ஐந்து வருஷங்களின் சராசரியை எடுத்து, அதில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டை உத்தரவாத விளைச்சல் என்று வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இழப்பீடு.

இதை ஒரு பெரியவருக்கு நான் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறேன். உத்தரவாதம் 1,000 கிலோ, பரிசோதனையில் வந்தது 900 கிலோ என்று வையுங்கள். பத்து விழுக்காடு குறைவு. காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 35,000 என்றால் 3,500 ரூபாய் வரும். பள்ளத்துப் பக்கம் முழுசாக அழுகிப் போனவருக்கும் 3,500. மேட்டில் ஒரு கதிர்கூடச் சாயாதவர் பிரீமியம் கட்டியிருந்தால் அவருக்கும் அதே 3,500. பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப எனக்கு நட்டமே ஆகலைன்னு சொல்றீங்களா தம்பி?” என்றார். உங்களுக்கு ஆனது, ஊருக்கு அவ்வளவாக ஆகவில்லை என்றேன். சட்டப்படி சரியான பதில்தான். முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

கிராம எல்லை வாய்க்காலில் போகும் ஊர்களில் இது இன்னும் வேடிக்கை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு வருவாய் கிராமம், அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டிலும் நிலம் வைத்திருந்தவர் ஒருவர். அதே வெள்ளம், அதே ரகம், நட்டதும் அதே வாரம். வடக்குப் பக்கத்து மூன்று மா நிலத்துக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கருக்கு, பணம் வந்தது, தெற்குப் பக்கத்து நிலத்துக்கு ஒரு பைசா இல்லை. அவர் என்னிடம் சண்டை போடவில்லை. “தண்ணி எல்லைக்கல்லைப் பார்த்துட்டா வந்துச்சு?” என்று மட்டும் கேட்டார்.

இப்படி வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1985-ல் நாடு முழுக்கப் பயிர்க் காப்பீடு தொடங்கியபோதே பகுதி அடிப்படைதான். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் கோடிக்கணக்கான பேரின் வயலை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. பார்க்க வருகிறவரைச் சரிக்கட்டுவதும் எளிது. அதனால் சராசரி என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்தச் சராசரி எப்படி வந்தது என்பதை ஊரில் யாருக்கும் காட்டாமல் இருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. எந்த நான்கு வயல், என்ன எடை, உத்தரவாத விளைச்சல் எவ்வளவு என்ற மூன்று தகவலைப் பஞ்சாயத்து போர்டில் ஒட்டினால் பாதிச் சண்டை குறையும். அது இல்லாததால் “மேட்டு வயலாப் பார்த்து அறுத்துட்டாங்க” என்ற பேச்சுதான் மிஞ்சுகிறது. அந்தப் பேச்சு உண்மையா இல்லையா என்று சொல்ல என் கம்ப்யூட்டரிலும் எதுவும் இருந்ததில்லை.

குத்தகைக்காரர்கள் கதை தனி. நிலம் ஒருவர் பெயரில், பாடு இன்னொருவருடையது. அடங்கல் சாகுபடி செய்கிறவர் பெயரில் கிடைத்தால்தான் அவருக்குப் பணம் வரும். பெயரை எழுதினால் நிலம் போய்விடுமோ என்று பல நிலக்காரர்களுக்குப் பயம். கடைசியில் பிரீமியம் கட்டுவது குத்தகைக்காரர், கணக்கு எண் நிலக்காரருடையது. வந்த பணத்தைக் கொடுத்த நல்லவர்களும் உண்டு.

இனி விற்பனைக்கு வருவோம். சங்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருந்தது. காலையில் வரும்போது நான் கண்ணால் அளக்கும் முதல் விஷயம் அங்கே குவியல் எத்தனை நீளம் என்பதுதான். அங்கே சட்டம் நேர் எதிர். நட்டத்தில் ஊரோடு சேர்த்துச் சராசரி எடுத்தார்களே, இங்கே ஒவ்வொருவரின் குவியலுக்கும் தனித்தனியாகக் கையை விட்டுப் பார்ப்பார்கள். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. மிஷினில் 19 காட்டினால் காய வை, நாளைக்கு வா. ஊர்ச் சராசரி ஈரம் என்று ஒன்றை எடுத்து எல்லாருக்கும் வாங்கிக்கொள்ளுங்களேன் என்று யாராவது கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் என்னிடம் வந்த விவசாயிகள் அதைத்தான் வேறு வார்த்தையில் கேட்டார்கள். இழந்தபோது நீ ஊரில் ஒருத்தன், விற்கும்போது மட்டும் நீ தனி ஆள் என்பது அவர்களுக்குக் கசந்தது. எனக்கும் இதற்குச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை.

ஈரம் அவர்களுடைய சோம்பலால் வருவதும் இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வந்து நிற்கும். சரியாக அப்போதுதான் பருவமழை தொடங்கும். முன்பு கையால் அறுத்துப் போட்டு, கதிர் வயலிலேயே ஒரு வெயில் கண்ட பிறகு அடித்தார்கள். இப்போது அறுவடை இயந்திரம்தான், சேறாக இருந்தால் பெல்ட் வண்டி. பச்சையாக அறுத்து ஒரு மணி நேரத்தில் டிராக்டரில் கொட்டிவிடும். அந்த நெல்லைக் காய வைக்கக் களம் ஏது? அதனால்தான் தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு நெல் கிடக்கிறது. 2022 அக்டோபரில் 19 விழுக்காடு வரை வாங்க மத்திய அரசு அனுமதித்தது. நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் மாநிலம் கடிதம் எழுதி, குழு வந்து, மாதிரி எடுத்துப் போய், உத்தரவு வருவதற்குள் குவியலின் அடியில் நெல் முளை விட்டிருக்கும். மழை வருஷா வருஷம் வருகிறது. தளர்வு மட்டும் எதற்கு ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியதாக இருக்கிறது?

விலையைக் குறை சொல்ல மாட்டேன். 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்துப் பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,500, சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். வெளி வியாபாரி இதைக் கொடுக்க மாட்டார். 40 கிலோ சிப்பத்துக்கு 1,000 ரூபாய் என்பது சுலபமான கணக்கு. அதில் சிப்பத்துக்கு 40 ரூபாய் மாமூலாகப் போய்விடும் என்பது எங்கள் பக்கம் வாய்க்கு வாய் பேசப்படும் கணக்கு. ஏக்கருக்கு 50 சிப்பம் என்றால் 2,000 ரூபாய். புயலுக்குப் பயந்து கட்டிய காப்பீட்டுப் பிரீமியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் எடை மேடையில் போகிறது. ரசீது இல்லாத பிரீமியம்!

லாரி வராவிட்டால் இன்னும் மோசம். வாங்கிய சிப்பம் போகாமல் இடம் நிறைந்துவிட்டால், “இயக்கம் இல்லை” என்று கொள்முதலை நிறுத்திவிடுவார்கள். அது நேராக என் மேசைக்கு வரும். சங்கத்துப் பயிர்க் கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. தேதி தாண்டினால் வட்டி. நெல் சாலையில் கிடக்கிறது, விற்ற பணம் வரவில்லை, தவணைத் தேதி மட்டும் நகராமல் நிற்கிறது. அந்த ஒரு வாரத்துக்காக வியாபாரியிடம் கிடைத்த விலைக்குக் களத்திலேயே தள்ளிவிட்டு வந்து கடனைக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். வியாபாரி ஈரம் பார்க்க மாட்டார், ரொக்கம் கையில் வரும். அவருக்கு நெல்லைப் பற்றித் தெரிந்ததைவிட எங்கள் தவணைத் தேதி நன்றாகத் தெரியும்.

தனி வயல் மூழ்கினால் அதைத் தனியாகப் பார்க்கும் விதி காப்பீட்டில் இல்லாமல் இல்லை. 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் தண்ணீரில் நிற்கும் பயிர் என்று சொல்லி 2018-ல் நெல்லை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். டெல்டாவில் அதைவிடப் பெரிய ஓட்டை எதுவும் கிடையாது. 2026 காரீப் முதல் நெல் மூழ்குவதை மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது கோயில் நிலம் குத்தகைக்கு ஓட்டும் ஒருவர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். கரண்ட் இல்லாமல், டவர் இல்லாமல் இருக்கும் அந்த மூன்று நாளில் தகவல் எப்படிச் சொல்வது என்பது ஒன்று. அடங்கல் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று.