குரல் பின்வாங்கிய இசைத்தட்டுகள்

ஆல்டர்நேட்டிவ் ராக், இண்டி ராக் என்ற பெயர்களில், வழக்கமான வெகுஜன ராக் பாணிக்கு வெளியே 1980களிலும் 90களின் முற்பகுதியிலும் வெளிவந்த இசைத்தட்டுகளை நெடுங்காலமாகக் கேட்டு வருபவன் என்ற முறையில் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. பாடகரின் குரல் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே பாதி மறைந்து ஒலிக்கும் தட்டுகளே இவ்வகை இசையின் உச்சம். குரல் முன்னால் வந்து நின்ற தட்டுகள் நன்றாக விற்றன, ஆனால் மற்ற ராக் இசையிலிருந்து அவற்றைப் பிரித்துக்காட்டிய தன்மை அவற்றில் மங்கிவிட்டது.

திரைப்பாடலில் வளர்ந்த காதுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். எஸ்.பி.பி.யோ ஜானகியோ பல்லவியைத் தொடங்கினால் வாத்தியங்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதும், ஒரு சொல்லும் கேட்பவருக்குத் தப்பக்கூடாது என்பதும் நம் ஒலிப்பதிவின் எழுதப்படாத விதி. ஆயினும் அந்த விதிக்கு உட்பட்டே, பாடகருக்கு அடியில் இன்னொரு மெட்டை பேஸ் கிட்டாரில் ஓடவிட்டவர் இளையராஜா. வேலூர் லாங் பஜாரின் இரைச்சலுக்கு நடுவிலும் கடை ஒலிபெருக்கியிலிருந்து அந்த பேஸைத் தனியே பிரித்துக் கேட்கப் பழகியவர்களுக்கு, அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழுவில் மைக் மில்ஸ் பேஸ் வாசிப்பதை விளங்கிக்கொள்ளத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை என்பது என் அனுபவம்.

ஆர்.இ.எம். குழுவின் முதல் முழுத்தட்டான 'மர்மர்' 1983இல் வெளிவந்தது. அது எங்கள் கைக்கு வந்தது பின்னாளில், வேலூர் பாகாயத்தில் மருத்துவம் படித்த வடகிழக்கு மாநில மாணவர்கள் வழியாக, பிரதியிலிருந்து பிரதி எடுத்த ஒரு கேசட்டாக. மைக்கேல் ஸ்டைப் பாடும் சொற்கள் பிடிபடாததற்கு எங்கள் ஊர் ஆங்கிலமோ தேய்ந்த நாடாவோ காரணமல்ல. அமெரிக்க ரசிகர்களே அவர் என்ன பாடுகிறார் என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். பீட்டர் பக் கிட்டாரின் தந்திகளை ஒட்டுமொத்தமாக அறையாமல் ஒவ்வொன்றாக மீட்டுகிறார்; அந்த இடைவெளிகளில் பேஸ் தன் மெட்டைச் சொல்கிறது; குரலும் அவற்றுள் ஒரு வாத்தியமாகவே அமர்கிறது. மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' உலகை ஆண்டுகொண்டிருந்த அதே ஆண்டில், ரோலிங் ஸ்டோன் இதழ் இந்தத் தட்டைத்தான் ஆண்டின் சிறந்ததாகத் தேர்ந்தது.

இதே குழு 1991இல் 'லூசிங் மை ரிலிஜன்' பாடலால் உலகப்புகழ் பெற்றது. பக் மாண்டலின் கற்றுக்கொண்டிருந்தபோது பிறந்த மெட்டு அது. காணொளியை இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். (மாண்டலின் என்றால் சீனிவாஸ் என்று வளர்ந்தவர்களுக்கு பக்கின் வாசிப்பு ஆரம்பப் பாடம் போலத்தான் இருக்கும்.) நல்ல பாடல்தான். ஆனால் அதில் குரல் நடுவில் நிற்கிறது, மற்றவை அதற்குப் பணிவிடை செய்கின்றன. நான் 'மர்மர்' தட்டுக்கே திரும்புகிறேன்.

குரலை மறைப்பதை அதன் எல்லை வரை கொண்டுசென்றது, அதே 1991இல் வந்த மை பிளடி வேலன்டைன் குழுவின் 'லவ்லெஸ்'. அக்குழுவின் கெவின் ஷீல்ட்ஸ், சுருதியை ஏற்றி இறக்கும் டிரெமலோ கம்பியைப் பிடித்தபடியே கிட்டாரை மீட்டுவதால் சுருதி ஓயாமல் அசைகிறது. குரல் அந்த அசைவுக்குள் கரைந்துவிடுகிறது. கத்திரி வெயிலில் மின்விசிறிக்கு அடியில் படுத்துக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான தட்டு கிடையாது.

என் கட்சிக்கு வலுவான சாட்சி நிர்வாணா என்ற அமெரிக்கக் குழு. புட்ச் விக் தயாரித்து ஆண்டி வாலஸ் ஒலிக்கலவை (குரலையும் வாத்தியங்களையும் அளவிட்டுச் சேர்ப்பது) செய்த அதன் 'நெவர்மைண்ட்', 1992 ஜனவரியில் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' தட்டை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. மெருகு கூடிப்போனதாகக் குறைபட்ட அக்குழுவின் பாடகர் கர்ட் கோபேன், அடுத்த தட்டுக்கு ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியை நாடினார். 1988இல் வெளிவந்த பிக்ஸீஸ் குழுவின் 'சர்ஃபர் ரோசா'வைப் பதிவு செய்தபோது, இயல்பான எதிரொலி வேண்டி அக்குழுவின் கிம் டீலை ஸ்டுடியோவின் குளியலறையில் பாடவைத்தவர் ஆல்பினி. ராயல்டி வாங்குவதைக் கொள்கையாகவே மறுத்து, வேலைக்கான கூலியை மட்டும் பெற்றவர்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இரண்டு வாரங்களுக்குள் பதிவான அந்த அடுத்த தட்டு, 'இன் யூட்ரோ', 1993இல் வெளிவருவதற்கு முன்பே சர்ச்சையில் சிக்கியது. குரல் போதிய அளவு கேட்கவில்லை என்ற புகார் எழ, இரண்டு பாடல்களின் கலவை மாற்றப்பட்டது. மாற்றியவர் ஸ்காட் லிட். 'லூசிங் மை ரிலிஜன்' பாடலைத் தயாரித்தவரும் அவரே. 2013இல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பில் அவ்விரு பாடல்களின் ஆல்பினி கலவையும் இருப்பதால், ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. 'ஆல் அப்பாலஜீஸ்' ஆல்பினியின் கலவையில்தான் முழுமை பெறுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. 'ஹார்ட் ஷேப்டு பாக்ஸ்' மட்டும், என் கொள்கைக்கு மாறாக, லிட்டின் கைவண்ணத்திலேயே எனக்குப் பிடித்திருக்கிறது.