இரண்டு ஔவையார்

கோத்தகிரியில் நவம்பர் மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், ஈரக் குடையை நூலக வாசலில் சாய்த்துவிட்டுப் பேத்தியோடு உள்ளே வந்தார். “அம்மா, பாப்பாவுக்கு ஆத்திசூடி வேணுங்க. படம் போட்டது.”

நான் எழுவதற்குள் பேத்தி, வாசகர்களுக்கான கணினியில் உட்கார்ந்துவிட்டாள். “ஆத்திச்சூடி” என்று தட்டினாள். ஒன்றும் வரவில்லை. நாங்கள் பதிந்து வைத்திருந்தது “ஆத்திசூடி”, நடுவில் ஒற்று இல்லாமல். அப்புறம் “ஔவையார்” என்று தேடினாள். தடிமனான ஆய்வு நூல் ஒன்று மட்டும் வந்தது. “தாத்தா, இங்க இல்லயாம்” என்றாள். புத்தகம் அவள் முதுகுக்குப் பின்னால் சிறுவர் அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன், சந்தோஷமாகப் போனார்கள். எனக்குத்தான் அன்று இரவு மனசு ஆறவில்லை. நான் விடுப்பில் இருந்திருந்தால் அந்தக் குழந்தை வெறுங்கையோடுதான் மழையில் திரும்பிப் போயிருக்கும்.

கோஹா என்ற மென்பொருளுக்கு நாங்கள் மாறி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் வருடக்கணக்கில் பதிவேடும் அட்டையும்தான். 1999-இல் நியூசிலாந்தில் சிறு ஊர் நூலகங்களுக்காக எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பிரவுசரில் திறந்து வேலை பார்க்கலாம். நூல் கொடுப்பது, வாங்குவது, நினைவூட்டுவது எல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டன. ஆங்கிலப் புத்தகம் என்றால் ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக எண்ணைப் போட்டாலே வெளிநாட்டு நூலகம் ஒன்றிலிருந்து முழுப் பதிவும் வந்து விழும். தமிழ்ப் புத்தகத்துக்குப் பெரும்பாலும் வராது. வந்தாலும் தலைப்பு ரோமன் எழுத்தில், மேலும் கீழும் கோடும் புள்ளியுமாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு எங்கள் ஊர் வாசகர் எதைத் தேடுவார்? தமிழை நாங்கள்தான் தட்டியாக வேண்டும்.

மறுநாள் தலைப்பு, ஆசிரியர் விவரங்களை எக்செல்லில் இறக்கி அகர வரிசையில் அடுக்கினேன். அந்த ஆய்வு நூல் ‘ஔ’வுக்கு உரிய இடத்தில், ‘ஓ’வுக்குப் பிறகு இருந்தது. மற்ற ஔவையார் நூல்கள் எல்லாம் மேலே, ‘ஒளி’ என்று தொடங்கும் தலைப்புகளை ஒட்டி நின்றன. எங்கள் பழைய பட்டியலைக் கணினியில் தட்டியவர்கள் தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள். ‘ஒ’ தட்டி, பக்கத்தில் ‘ள’ தட்டினால் அவர்களுக்கு ‘ஔ’ ஆயிற்று. காகிதத்தில் அது சரிதான். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ‘ஔ’ தனி எழுத்து, அதற்குத் தனி எண். ‘ஒள’ என்பது இரண்டு எழுத்து, இரண்டு எண். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கோ இவர் வேறு ஔவையார், அவர் வேறு ஔவையார்.

இதே குறைதான் ‘கௌ’விலும். படுகர் ஊர்கள் சூழ்ந்த இடம் எங்களுடையது. உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் கவுடர், கௌடர், பிறகு ‘கெ’வும் ‘ள’வும் சேர்ந்த கெளடர் என்று மூன்று விதம். அட்டையைத் தொலைத்துவிட்டு வந்த ஒருவரிடம் “உங்க பேரே இல்லீங்களே” என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இருபது வருட வாசகர் அவர். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

சரி, மொத்தமாக மாற்றிவிடலாம் என்று நினைத்தோம். நூலக அறிவியல் படித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்திருந்த பெண், பதிவுகளின் ஒரு நகலை எடுத்து, ‘ஒள’ வரும் இடமெல்லாம் ‘ஔ’, ‘ெ’யும் ‘ள’வும் அடுத்தடுத்து வரும் இடமெல்லாம் ‘ௌ’ என்று மாற்றிப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் ஓடி வந்தாள். “மேடம், வெளியீடு எல்லாம் உடைஞ்சு போச்சு!” பார்த்தால் வெளியீடு, வெள்ளி, தெளிவு, ஒளி எல்லாமே சிதைந்து கிடந்தன. அந்தச் சொற்களில் ‘ள’ உண்மையான ‘ள’. ‘கெளடர்’ தவறு, ‘தெளிவு’ சரி. இதைத் தமிழ் படித்தவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். நகலில் செய்து பார்த்ததால் பிழைத்தோம். அப்புறம் அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் படித்து, மூன்று வாரத்தில் முடித்தோம். மரம் விழுந்து கரண்ட் போன நாட்களில் அச்செடுத்த தாளில் பென்சிலால் வட்டம் போட்டோம்.

எழுத்துப் பிழையைத் திருத்திவிடலாம். ஆத்திசூடியா, ஆத்திச்சூடியா என்பதை அப்படித் திருத்த முடியாது, இரண்டும் வழக்கில் இருக்கின்றன. எனக்கு முன்னால் இருந்த நூலகர், நூல் அட்டைகள் வைக்கும் பெட்டியில் ‘காண்க’ அட்டைகள் நிறைய எழுதி வைத்திருந்தார். ‘விருத்தாசலம், சொ. — காண்க: புதுமைப்பித்தன்.’ ‘ரங்கராஜன், எஸ். — காண்க: சுஜாதா.’ கணினி வந்த பிறகு அந்தப் பெட்டியை ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டோம். கோஹாவில் ஆசிரியர் பெயருக்கென்று தனிப் பதிவு உண்டு. அதில் 100 என்ற புலத்தில், அதாவது கட்டத்தில், நாம் ஏற்ற பெயர், 400 என்ற புலத்தில் அவருடைய மற்றப் பெயர்கள். அந்த 400 எதற்கென்று முதலில் எனக்குப் புரியவே இல்லை. ஒருநாள் புரிந்தது: அது அந்தக் ‘காண்க’ அட்டைதான். நூலின் மாற்றுத் தலைப்புக்கு நூற்பதிவிலேயே 246 என்ற புலம் இருக்கிறது. ‘காண்க’ வடிவங்களையும் தேடலில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் ஓர் அமைப்பும் உண்டு, அதை இயக்கிவிட்டுத் தேடல் அட்டவணையை மறுபடி உருவாக்க வேண்டும்.

பெட்டியைத் தூசு தட்டி எடுத்து வந்தேன். மூலையெல்லாம் பூஞ்சை பிடித்திருந்தாலும் மை கலையவில்லை. புனைபெயர், முதலெழுத்து, கிரந்தம் போட்டது, போடாதது என்று எல்லா வடிவத்தையும் அவர் யோசித்திருந்தார். வாசகர் எப்படிக் கேட்பார் என்று யோசித்து எழுதிய அட்டைகள் அவை. 1931-இல் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வரி அது. அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றும்போதுதான் அது என் கையில் ஒரு வேலையாக இருந்தது.

இப்போது வாசகர் கணினிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறோம். தேடிக் கிடைக்காத சொல்லை, தேடிய மாதிரியே அதில் எழுதச் சொல்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் அதைப் பார்த்துப் பதிவுகளில் சேர்க்கிறேன். போன வாரம் ஊர்ப் பெயர் ஒன்றை ‘ஹட்டி’ என்று முடித்து ஒருவரும் ‘அட்டி’ என்று முடித்து இன்னொருவரும் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே பெரிய எழுத்தில், கொஞ்சம் கோணலாக, “ஆத்திச்சூடி — வந்துடுச்சு” என்று ஒரு வரி இருந்தது.