பவுணோ, கவரிங்கோ?

போன மாதம் ஒரு கல்யாண வீடு. பந்திக்குப் போகிற வழியில் தூரத்துப் பெரியம்மா ஒருவர் என் சங்கிலியைப் பிடித்து, பெருவிரலால் உருட்டிப் பார்த்தா.

"பவுணோ, கவரிங்கோ பிள்ளை?"

"கவரிங்தான் பெரியம்மா."

"தெரியேல்ல, வடிவாத்தான் கிடக்கு" என்றா. ஆனால் சங்கிலியைப் பிடித்தபோது இருந்த மரியாதை விட்டபோது இல்லை. உண்மையான சங்கிலி 2022இல், காஸ் வரிசையில் நின்ற காலத்தில், அடைவுக்குப் போனது. இன்னும் வட்டிதான் கட்டுகிறேன். அதைப் பந்தியில் வைத்துச் சொல்ல முடியுமா?

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவ கேட்ட இரண்டு சொல்லுமே வெள்ளைக்காரன் விட்டுப்போனவை. கவரிங் என்றால் மூடுவது. செம்புக்கு மேல் மெல்லிய பொன் பூச்சு. சரி, அது மட்டம். ஆனால் பவுண்? அதுவும் அவர்களுடைய 'பவுண்ட்'தான். 22 கரட்டில் 7.98 கிராம் நிறையில் வந்த தங்க நாணயத்தை வைத்து நாங்கள் எட்டுக் கிராமை ஒரு பவுண் என்று நிறுக்கத் தொடங்கினோம். பிறகு தங்கத்துக்கே அது பெயராகிவிட்டது. 'முலாம்' அரபுப் பக்கத்திலிருந்து வந்தது. எங்களுடைய சொல் என்று பார்த்தால் அம்மா சொல்லுகிற 'காக்காப்பொன்' இருக்கிறது. வீடு கட்ட இறக்கிய மகாவலி மணலில் மினுங்கும் மைக்காத் துணுக்குகளைப் பொறுக்கி நாங்கள் கையில் ஒட்டிக்கொண்டு திரிவோம். "காக்காப்பொன் போட்ட மகாராணிகளே, சோறு தின்ன வாங்கோ" என்பா அம்மா. அதில் ஏளனம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த யோசனை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணாவின் மகள் ஆங்கிலப் பயிற்சிக் கொப்பியோடு வந்தாள். சாதாரண தரம் எழுதப் போகிறவள். "மாமி, டோட்ரி எண்டா என்ன?" பகட்டான, மலிவான அலங்காரம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அது எங்கே பிறந்தது என்று தேடிப் பார்த்தேன். அன்றிரவு நித்திரை போனது.

இங்கிலாந்தில் ஈலி என்று ஓர் ஊர். துறவியாகி அங்கே மடம் கட்டிய ராணி ஒருத்தி. பேச்சுவழக்கில் அவளுக்கு ஓட்ரி என்று பெயர். 679இல் இறந்தாள், கழுத்தில் கட்டி வந்து. இளமையில் பொன்னும் முத்துமாகக் கழுத்தில் சுமந்தேனே, அந்தப் பாவம்தான் இது என்று அவளே சொன்னதாக, பீட் என்ற துறவி 731இல் முடித்த வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் அவளுடைய திருநாளுக்கு ஒக்டோபர் 17இல் ஈலியில் சந்தை கூடும். அங்கே பெண்கள் கழுத்தில் கட்டுகிற பட்டு நாடா விற்பார்கள். செயின்ட் ஓட்ரி நாடா. முதலில் அது நல்ல சாமான்தான், காதலன் வாங்கிக் கொடுக்கிற சாமான். பிறகு மலிந்து, மட்டமாகி, 17ஆம் நூற்றாண்டில் பெயரே வசையானது.

செயின்ட் ஓட்ரி எப்படி டோட்ரி ஆனது? நன்னூல் படித்தவர்களுக்கு விளங்கும்: உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே. 'ட்' போய் 'ஓ'வோடு ஒட்டிக்கொண்டது. தமிழில் எழுதிப் பார்த்தால் மிஞ்சுவது 'செயின்'! இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, சிரிக்க வேண்டாம்.

எனக்குப் பொறுக்காதது வேறு. உண்மையான பொன்னையும் முத்தையும் போட்டதற்காக அழுதவளுடைய பெயர், முத்து வாங்க வழியில்லாதவள் கட்டிய நாடாவுக்கு வசையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாடா என்ன பாவம் செய்தது?

அதே ஏழாம் நூற்றாண்டில்தான் சம்பந்தர் எங்கள் ஊரான திருகோணமலையை, கடல் 'நித்திலங் கொழிக்கும்' கோணமாமலை என்று பாடினார். நித்திலம் என்றால் முத்து. சனிக்கிழமை மருமகளைக் கூட்டிக்கொண்டு அந்த மலைக்குத்தான் போனேன். கோட்டை வாசலைத் தாண்டி, மான்களைத் தாண்டி ஏறினால் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் கடைகள். காப்பு, தோடு, பிளாஸ்டிக் முத்துமாலை. அவள் இரண்டு சரம் முத்து எடுத்தாள். எனக்கு ஒரு சோடிக் கவரிங் காப்பு. கடைக்கார அக்கா, "வேர்வை பட்டாப் பச்சை பிடிக்கும், உள்பக்கம் நிறமில்லாத கியூடெக்ஸ் பூசிப் போடுங்கோ" என்று சொல்லித் தந்தா. செம்பு வேர்வையோடு சேர்ந்தால் அப்படித்தான். பூசிப் பார்த்தேன், இதுவரை கை பச்சையாகவில்லை.

இன்று காலை ரியூஷனுக்கு வெளிக்கிட்டவள் அறைக்குள் நின்று கத்தினாள்:

"மாமி, என்ர டோட்ரியக் கண்டீங்களோ?"

கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.