சுவாமிமலையில் 37-ஆம் படி

சுவாமிமலைக்குச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் எலும்பு முறிவு வார்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களிலேயே எனக்குத் தோன்றிவிட்டது. ஆனால் அந்த ஆலயத்தின் 60 படிகளையும் என் கால்களாலேயே ஏறித்தான் சுவாமிநாதனைத் தரிசிப்பது என்று மனத்துக்குள் உறுதி செய்துகொண்டதனால், அது நிறைவேற ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

2023 ஐப்பசியில் ஒரு மாலை, சாலை வளைவில் சிதறிக் கிடந்த மணலில் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் வழுக்கியது. வண்டி சாய்ந்திருக்கும்போது, அதுவும் மணலின் மேல், முன் பிரேக்கை இறுக்கக் கூடாது என்பதை நான் நெடுங்காலமாக அறிவேன். அந்தக் கணத்தில் என் கை அதை அறியவில்லை. தூக்கி எறியப்பட்டு விழுந்தபின் என் நினைவில் மிஞ்சியிருப்பது ஒரு குரல் மட்டுமே. "தம்பி, அசையாதீங்க. யாரும் ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க, கழுத்துல அடி பட்டிருக்கலாம்" என்று அந்தக் குரல் சொன்னது. யாரோ நீட்டிய தண்ணீரையும், அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று கூறி அவரே தடுத்தாராம். 108 ஆம்புலன்ஸ் வரும்வரை என் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனிதரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பிறகு எவ்வளவோ விசாரித்தும் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. எலும்பின் உட்குழிவில் நீண்ட கம்பி ஒன்றைச் செலுத்தி, மேலும் கீழும் திருகாணிகளால் பூட்டினார்கள். வார்டில் அதை எல்லோரும் 'ராடு' என்றே சொன்னார்கள். பார்க்க வந்தவர்கள் பலரும் "கடவுள்தான் உன்னைக் காப்பாற்றினார்" என்று ஆறுதல் கூறியபோது, பக்கத்துக் கட்டிலில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்து படுத்திருந்த இளைஞனின் காதில் அது விழுமே என்று நான் தவித்திருக்கிறேன். அவனை விட என்னிடம் இறைவனுக்கு அன்பு மிகுதி என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை, இன்றும் நம்பவில்லை. முருகனிடம் அந்த இரவுகளில் நான் கேட்டதெல்லாம், மறுநாள் முழங்காலை இன்னும் சிறிது மடக்கும் பொறுமையைத் தா என்பதுதான்.

முறிந்த எலும்பு கூடுவதை எக்ஸ்ரே படங்களில் மாதந்தோறும் பார்த்தேன். முதலில் மேகம் படிந்தது போல மங்கலாகத் தெரிந்த புதிய எலும்பு, படத்துக்குப் படம் வெண்மை ஏறி இறுகியது. ஆனால் கம்பியும் எலும்பும் தாங்கத் தொடங்கிய பிறகும் தொடைச் சதை வற்றிப்போய், கால் என்னுடையதல்லாதது போல் நடுங்கியது. வாக்கர், பின் இரண்டு ஊன்றுகோல்கள், பின் ஒற்றைக் கைத்தடி என்று வந்துசேர்வதற்குள் ஓராண்டு கடந்துவிட்டது. வீட்டு வாசலின் இரண்டு படிகளில் பிசியோதெரபிஸ்ட் எனக்கு அன்றாடம் ஒரே பாடத்தைச் சொல்லித்தருவார்: ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது கைத்தடியோடு அடிபட்ட கால் முதலில். அப்போது மூன்று வயதாயிருந்த என் மகள் நிலைப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

கும்பகோணத்துக்கு அருகில், காவிரிக் கரையில் இருக்கும் சுவாமிமலை, திருவேரகம் என்ற பழம்பெயர் கொண்டது. ஆறுபடை வீடுகளில் நான்காவதாகப் போற்றப்படுவது. இயற்கையான மலையன்று, கட்டுமலை. அதன் 60 படிகளுக்கும் பிரபவ முதல் அட்சய வரையிலான 60 தமிழ் ஆண்டுகளின் பெயர்கள் சூட்டப்பட்டிருக்கின்றன. 2025 ஆவணியில் ஒரு காலை வேளையில், அடிவாரத்தில் மீனாட்சி சுந்தரேசுவரரை வணங்கிவிட்டு முதல் படியில் இடது காலை வைத்தேன். 1987 ஆடியில் பிறந்தவன் ஆதலால் பிரபவ நான் பிறந்த ஆண்டு. என் வாழ்க்கை தொடங்கும் படியிலேயே ஏற்றமும் தொடங்கியது. விபவ, சுக்கில, பிரமோதூத என்று ஆண்டுப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே ஏறினேன். பள்ளியில் சேர்ந்த ஆண்டு, தந்தை மறைந்த ஆண்டு, திருமணமான ஆண்டு எல்லாம் காலடியில் கடந்தன. பாதி வழிக்கு முன்பே தொடை எரியத் தொடங்கியது. என் மனைவி ஒரு படி பின்னால், என்னைத் தொடாமல், தொட்டுவிடும் தொலைவிலேயே வந்துகொண்டிருந்தாள்.

37-ஆம் படி சோபகிருது. நான் விழுந்த ஆண்டு. அங்கே அழுதுவிடுவேனோ என்று அஞ்சியிருந்தேன். ஆனால் அந்தப் படியில் நின்றபோது விபத்தோ வலியோ நினைவுக்கு வரவில்லை. என் தலையைத் தாங்கியிருந்த இரண்டு கைகளின் சூடுதான் நினைவுக்கு வந்தது. குனிந்து படியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். அடுத்தது குரோதி, அதற்கடுத்தது அப்போது நடந்துகொண்டிருந்த ஆண்டான விசுவாவசு. அதற்கும் மேலே 21 படிகள், நான் இன்னும் வாழாத ஆண்டுகளின் பெயர்களோடு இருந்தன. அவற்றை மெதுவாக, மிக மெதுவாக ஏறினேன்.

மேலே கண்கொடுத்த விநாயகரை வணங்கிவிட்டு, மயிலுக்குப் பதிலாக யானை வாகனமாக நிற்கும் சந்நிதிக்குள் நுழைந்தேன். தீபாராதனை வெளிச்சத்தில் சுவாமிநாதன், வலக்கையில் தண்டு ஏந்தி, இடக்கையை இடுப்பில் வைத்து, நின்ற திருக்கோலத்தில் காட்சி தந்தான். எத்தனையோ முறை படத்தில் பார்த்த கோலம்தான். ஆயினும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவன் முன் நின்ற அன்றுதான், அவனும் கையில் ஒரு கோலோடு நிற்பதை நான் பார்த்தேன். வேண்டுவதற்கென்று கொண்டுவந்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. முகம் தெரியாத அந்த மனிதரும், கால் இழந்த அந்த இளைஞனும் நன்றாயிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

பிரகாரத்தில் அமர்ந்தபோது, பிரணவத்தின் பொருளைப் பிள்ளை உபதேசிக்கத் தந்தையாகிய சிவபெருமான் மாணவனாகக் கேட்ட தலம் இது என்று மகளுக்குச் சொன்னேன். "அப்பாவுக்கே சொல்லிக்குடுத்தாரா?" என்று அவள் வியந்தாள். ஏறுவதைவிட இறங்குவது எனக்குக் கடினம். அட்சயப் படியின் விளிம்பில், கீழே தெரிந்த ஆழத்தைப் பார்த்து நான் தயங்கி நின்றபோது அவள் எனக்கு முன்னால் ஒரு படி இறங்கித் திரும்பி நின்றாள்.

"அப்பா, எறங்கும்போது வலிக்கிற கால்தான் முதல்ல. குச்சியையும் கூட வைங்க."

கைத்தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, வலது காலை முதலில் இறக்கினேன்.