1969 ஸ்பிட்ஃபயர்: கராஜ் நாட்குறிப்பு

2023 மார்ச் 11, கவென்ட்ரி, இங்கிலாந்து

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 இன்று டிரெய்லரில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இதே ஊரின் கான்லி ஆலையில் உருவான வண்டி. 1296 சிசி எஞ்சின், இரண்டு எஸ்.யூ. கார்பரேட்டர்கள், புதிதாக இருந்தபோது 75 குதிரைத்திறன். ஒரு பண்ணைக் கொட்டகையில் பல்லாண்டுகளாக நின்றிருக்கிறது. மட்கார்டுகளோடு ஒரே துண்டாக முன்பக்கம் சாயும் அந்தப் பெரிய பானெட்டைத் திறந்ததும் முதலில் தேடியது எஞ்சினை அல்ல, கமிஷன் எண் (ஆலை ஒவ்வொரு வண்டிக்கும் கொடுத்த அடையாள எண்) பொறித்த தகட்டைத்தான். மார்க் 3-க்கு உரிய 'எஃப்.டி.' என்ற எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. எஞ்சின் பிளாக்கிலும் அதே எழுத்துகள். கண்ணாடியில் 1975-இல் காலாவதியான வரி வில்லை (சாலை வரி கட்டியதற்கான வட்டச் சீட்டு) ஒட்டியபடியே இருக்கிறது. அதைச் சுரண்டிவிட வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

2023 ஏப்ரல் 2

ஸ்பேனரை எடுக்கும் முன் காகிதங்களை ஒழுங்குபடுத்தினேன். 1970-களின் நடுப்பகுதி வரை இந்த நாட்டில் வாகனப் பதிவு உள்ளூர் மன்றங்களின் கையில் இருந்தது. பின்னர் எல்லாம் ஸ்வான்சியிலுள்ள மைய அலுவலகத்தின் கணினிக்கு மாறியது. உரிமையாளர்கள் 1983 முடிவதற்குள் பதிந்துகொள்ளாத எண்கள் அந்தக் கணினியில் ஏறவில்லை. அப்போது கொட்டகையில் கிடந்த நம் வண்டி, சட்டத்தின் கண்ணில் இன்று இல்லாத வண்டி. பழைய எண்ணை மீட்க வி 765 என்ற விண்ணப்பம் இருக்கிறது. அந்த எண்ணும் இந்த கமிஷன் எண்ணும் ஒரே வண்டிக்கு உரியவை என்பதற்கு அந்தக் காலத்து ஆவணம் வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட உரிமையாளர் சங்கம் ஒன்று வண்டியைச் சரிபார்த்துக் கையொப்பமிடவும் வேண்டும். நல்லவேளையாக அந்தக் காலத்துப் பதிவுப் புத்தகமான அட்டை லாக்புக் வண்டியோடு வந்துவிட்டது. பதிவு எண்ணின் கடைசி எழுத்தான 'ஜி', 1968 ஆகஸ்டு முதல் 1969 ஜூலை வரை பதிவானவற்றுக்கு உரியது. லாக்புக்கின் தேதி அதற்குள் அடங்குகிறது. கேய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் பாரம்பரிய அறக்கட்டளைக்கு, ஆலைப் பதிவேட்டின்படியான சான்றிதழ் கேட்டு எழுதியிருக்கிறேன்.

2023 ஏப்ரல் 30

சேசிஸ் முழுவதையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்ததில், பின்பகுதியில் இரண்டு இடங்களைத் தவிர இரும்பு திடமாக இருக்கிறது. புதுச் சேசிஸ் வாங்கிவிடலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் தயக்கத்துக்குச் சட்டத்திலும் ஆதாரம் இருக்கிறது. பெரிதும் மாற்றப்பட்ட வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க ஸ்வான்சியிலுள்ள பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ., 2023-இல் நடப்பிலுள்ள புள்ளிக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறது: சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. எட்டுப் புள்ளிகளாவது தேற வேண்டும், அதில் சேசிஸின் 5 கட்டாயம். எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று என்பது கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கிறது. எனக்கு அது முற்றிலும் சரியாகப் படுகிறது. கெட்ட இடத்தை மட்டும் வெட்டி, அதே கனத்தில் தகடு வைத்துப் பற்றவைக்கப் போகிறேன்.

2023 ஜூன் 18

மே மாதம் முழுவதும் சில்களிலேயே போயிற்று. இன்னும் இடப்பக்கம் பாக்கி. கதவுக்குக் கீழே ஓடும் இந்தத் தகட்டுப் பெட்டி வெறும் அழகுக்கானது அல்ல. ஸ்பிட்ஃபயரின் சேசிஸ் நடுவில் முதுகெலும்பாக ஓடுகிறதே தவிர, பக்கவாட்டில் அதற்குத் தாங்குசட்டம் கிடையாது. கூரையும் இல்லாத வண்டி என்பதால் உடலின் விறைப்பைச் சில்களே பெரும்பகுதி சுமக்கின்றன. பின்சக்கரத்தை நேராக நிறுத்தும் ரேடியஸ் ஆர்ம் சேசிஸில் பூட்டப்படாமல், இருக்கைக்குப் பின்னால் உடலில் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அந்த மூலை துருப்பிடித்தால் பின்சக்கரத்தின் திசையே கலையும்.

இரண்டு சில்களையும் ஒரே நேரத்தில் அறுத்துவிட்டால் உடல் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் சாத்தாது. அதனால் உடலைச் சேசிஸிலிருந்து கழற்றாமல், சக்கரங்களின் மீதே நிற்கவைத்து, கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புச் சட்டம் பற்றவைத்த பிறகே வலப்பக்கத்தைத் தொட்டேன். உள் சில், நடுத்தகடு, வெளிச் சில் என்று மூன்று அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கையும் கிளாம்பில் பிடித்து, சட்டத்தைத் தற்காலிகமாக எடுத்து, கதவை மாட்டி, இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாக இருந்தால்தான் வெல்டிங். வெப்பத்தில் தகடு இழுத்துக்கொள்ளும் என்பதால் விரல் நீளம் பற்றவைத்துவிட்டு மறுமுனைக்குப் போய், ஆறவிட்டுத் திரும்பி வர வேண்டியிருந்தது. மாலையில் கதவு விரல்நுனி அழுத்தத்தில் 'டக்' என்று சாத்திக்கொண்டபோது, ஆலையில் இதை முதலில் பொருத்திய கைகளை நினைத்துக்கொண்டேன்.

2023 ஆகஸ்டு 6

கேய்டனிலிருந்து சான்றிதழ் வந்தது. வண்டியின் முதல் நிறம் வெளிர்நீலமான வெட்ஜ்வுட் புளூ. மேலே கிடக்கும் சிவப்பு யாரோ பின்னாளில் அடித்தது. எஞ்சின் எண்ணும் ஒத்துப்போகிறது. நீலமே அடிப்பதென்று முடிவாகிவிட்டது.

2023 அக்டோபர் 15

இந்த எஞ்சினை அறிந்தவர்கள் முதலில் பார்ப்பது த்ரஸ்ட் வாஷர்களைத்தான். கிளட்சை மிதிக்கும்போது கிரேங்க் ஷாஃப்ட் முன்பக்கமாகத் தள்ளப்படுகிறது. அந்த உந்தலைத் தாங்குபவை பின் மெயின் பேரிங்கின் இருபுறமும் உள்ள இரண்டு பிறைவடிவத் தகடுகள். அரைவட்டமாகவே இருப்பதால் அளவுக்கு மீறித் தேய்ந்தால் இடம்விட்டு நழுவி, எஞ்சினடி ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிடும். பிறகு கிரேங்க்கே பிளாக்கைத் தின்னத் தொடங்கும். டயல் கேஜ் வைத்து அளந்ததில் கிரேங்க்கின் முன்பின் ஆட்டம் 0.014 அங்குலம், இருக்க வேண்டியது 0.004 முதல் 0.008 வரை. சம்ப்பைக் கழற்றிப் பார்க்க இரண்டு பிறைகளும் இடத்திலேயே இருந்தன, பிளாக்கிலும் கீறல் இல்லை. ஒரு படி கனமானவற்றை, ஆயில் ஓடும் பள்ளங்கள் கிரேங்க் பக்கம் பார்க்கும்படி செருகியதும் ஆட்டம் 0.006-க்கு இறங்கியது.

2023 நவம்பர் 26

முன்சக்கரத்தின் ட்ரன்னியன்கள். செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டி, அதை ஒரு வெண்கலத் துண்டுக்குள் திருகியிருக்கிறார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது திரும்புவது அந்த மரைதான். வலப்பக்கம் வலமரை, இடப்பக்கம் இடமரை. இதற்கு கிரீஸ் ஆகாது, இ.பி. 90 கியர் ஆயில்தான் வேண்டும் என்பது ட்ரையம்ஃபின் கையேட்டிலேயே இருக்கும் விதி. கிரீஸ் உள்ளே இறுகி, நீர் தேங்கி, தண்டு துருவேறி ஒருநாள் முறிந்தால் சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிக்கொள்ளும்.

சென்னையில் என் பெரியப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் இதே அமைப்புதான். அது அந்த ஊரிலேயே தயாரான வண்டி. ஹெரால்டின் உறுப்புகளைக் கொண்டே ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள்; இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிகெலோட்டி. "கிரீஸ் கன்னை அதுகிட்ட கொண்டுபோகாதேடா" என்று பெரியப்பா மெக்கானிக் பையனை அதட்டியதன் பொருள் இப்போதுதான் முழுமையாக விளங்குகிறது.

பின்புறத்தின் குறுக்குப் பட்டைவில்லையும் (லீஃப் ஸ்பிரிங்) ஆலை கொடுத்தபடியே விட்டிருக்கிறேன். வளைவில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்வாங்கும் குணம் இதற்கு உண்டு. 1970-இல் வந்த மார்க் 4-இல் அதைத் திருத்தினார்கள். மார்க் 4-இன் பட்டைவில்லை இதில் பொருத்துபவர்கள் பலர். மார்க் 3-ஐ மார்க் 3-ஆகவே ஓட்டிப் பழக வேண்டும் என்பது என் கட்சி.

2024 பிப்ரவரி 18

பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் ரப்பருக்கு மாற்றினேன். 2021 முதல் இங்கு சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர் அதில் ஊறி விரிசல்விடும். இந்த வண்டிக்கு 5 விழுக்காட்டுக்கு மேற்படாத சூப்பர் பெட்ரோல்தான். எஞ்சின் இன்று தானாக ஓடியது.

2024 ஏப்ரல் 7

சங்கத்தின் பரிசோதகர் ஐயா வந்து, கமிஷன் தகடு, எஞ்சின் எண், சேசிஸில் ஒட்டுப்போட்ட இடங்கள் ஆகியவற்றை விளக்கடித்துப் பார்த்தார். லாக்புக்கைப் புரட்டுவதற்கு முன் கையுறையை மாற்றிக்கொண்டார். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது. வரி வில்லையையும் படமெடுத்துக்கொண்டார். வி 765-உம், பதிவுக்கான வி 55/5-உம் அவருடைய முத்திரையோடு ஸ்வான்சிக்குப் போகின்றன. இப்படி மீட்கும் எண்ணை வேறு வண்டிக்கு மாற்றவோ விற்கவோ முடியாது என்ற நிபந்தனை உண்டு. நல்ல நிபந்தனை.

2024 ஜூன் 9

பதிவுச் சான்றான வி 5சி கைக்கு வந்தது: அதே 'ஜி' எண், வாகன வகை 'ஹிஸ்டாரிக்'. நாற்பது ஆண்டு கடந்த வண்டிக்குச் சாலை வரி இல்லை, ஆனால் வரி இல்லை என்பதற்கும் விண்ணப்பித்தே ஆக வேண்டும். 1980-க்கு முந்தைய வண்டி ஆதலால் கறுப்பில் வெள்ளி எழுத்துகளோடு நம்பர் பிளேட் மாட்டிக்கொள்ளலாம், மாட்டியாயிற்று. ஆண்டுதோறும் வண்டியின் தகுதியைப் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையிலிருந்தும் விலக்கு உண்டு. ஆயினும் நானாகவே கொண்டுபோய்க் காட்டினேன். என் வெல்டிங்கை என்னைத் தவிர இன்னொருவரும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? வலது பின் பிரேக் சற்றுத் தளர்வு என்ற குறிப்போடு தேர்ச்சி.

2024 ஜூன் 23

பின் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு வார்விக் வரை ஓட்டிப்போய் வந்தேன். வெப்பநிலை முள் நடுவிலேயே நின்றது. ட்ரன்னியன்களின் அடியில் மெல்லிய ஆயில் கசிவு தெரிகிறது. உள்ளே ஆயில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. நாளை எஞ்சின் குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளியை 0.010 அங்குலத்துக்குச் சரிபார்த்து, சிலிண்டர் ஹெட்டின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.